குருவி பறக்காத வீடு

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டே வரி. டீச்சரை நடுத்தெருவில் தலைமுடியைப் பிடித்து இழுத்த அவள் புருஷன், அவள் அண்ணனின் ரப்பர் சுத்தியலால் தோள்பட்டை நொறுங்கி வாசலில் கிடந்தான். இனி என் தங்கச்சி மேல் எவன் கை வைத்தாலும் அந்தக் கை இருக்காது என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, அண்ணன் அவளையும் அவள் பெட்டியையும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுதாக ஓடிவிட்டது. புருஷன் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடுகிறானாம் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?

அண்ணன் வீடு என்பது முன்பக்கம் சோபா பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சமையலறை. சட்டம் அடிப்பது, ஃபோம் வெட்டுவது அண்ணன் வேலை. மேலே துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பது அண்ணி. கம்ப்ரஸர் காற்றில் ஓடும் பின் துப்பாக்கியை அண்ணி கையில் எடுத்தால் வளைவு, மூலை எதுவாக இருந்தாலும் பின்கள் நூல் பிடித்த மாதிரி இறங்கும். இவர்களுக்கு ஒரே பெண். வாயாடியாக இருந்த காலத்தில் வைத்த பெயர் வாண்டு. டீச்சரின் நாலாம் வகுப்பிலேயே படிக்கிறாள். வீட்டில் அத்தை, வகுப்பில் டீச்சர், அதில் மட்டும் அவள் தடுமாறியதே இல்லை.

டீச்சர் வந்த புதிதில் அந்த வீட்டில் காது கொடுத்துக் கேட்க முடியாது. அண்ணன் நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் தட்டு பறக்கும், நாற்காலி பறக்கும், அண்ணியின் பிறந்த வீட்டு ஆட்கள் ஒருத்தர் விடாமல் சந்திக்கு வருவார்கள். இதை எப்படி நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு வழி காட்டியது ஒரு சின்ன ஆப்.

வகுப்பு இரைச்சலை அடக்க அவள் போனில் இறக்கிவைத்த இலவசச் சமாசாரம் அது. திரையில் ஒரு கம்பி. பிள்ளைகள் ஒவ்வொருவரும் விரலால் வரைந்த குருவி அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சத்தம் அளவு மீறினால் பறந்துவிடும், அமைதியானால் திரும்பி வரும். அதையே வீட்டுப்பாடமாகவும் ஆக்கினாள். சாயங்காலம் வீட்டு போனில் ஆப்பைத் திறந்து வைக்க வேண்டும். எந்த வீட்டில் கூச்சல் எழுகிறதோ அந்தப் பிள்ளையின் குருவி மட்டும், வகுப்பிலுள்ள அத்தனை வீட்டுத் திரையிலும் பறந்து காணாமல் போகும். மறுநாள் காலை, நேற்று யார் குருவி பறந்தது என்று டீச்சர் கேட்பாள். பறந்த பிள்ளை எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். தம்பி பாத்திரத்தைப் போட்டான், அப்பா குறட்டை விட்டார் என்று சொல்லச் சொல்ல வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

முதலில் தினமும் எழுந்து நின்றவள் வாண்டுதான். காரணம் கேட்டால் தெரியாது டீச்சர் என்பாள். ஒரு நாள் சோபா வாங்க வந்த ஒரு பிள்ளையின் அப்பா, உங்க வீட்டுக் குருவி கம்பியில உட்கார்றதே இல்லையாமே என்று அண்ணனிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று.

அன்றோடு சத்தம் நின்றது. தட்டு பறக்கவில்லை, குரல் உயரவில்லை. வாண்டுவின் மஞ்சள் குருவி கம்பியை விட்டு அசையவே இல்லை. டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு விரல் பருமன் குருவி இந்த ஆளைத் திருத்திவிட்டதே என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவளுக்குத் தெரிந்த அடிக்கெல்லாம் சத்தம் உண்டு. புருஷன் அடித்தால் பக்கத்து வீட்டு விளக்கு எரியும். விளக்கே எரியாத ஓர் அடி இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

காலையில் அண்ணி குனிந்து செருப்பைப் போட முடியாமல் சுவரைப் பிடித்து நின்றாள். இடுப்புப் பிடிப்பா என்று டீச்சர் கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கையகல ஃபோம் துண்டு ஒன்று சாய்த்து வைத்திருந்தது. நடுவில் குழி விழுந்திருந்தது. மெத்தைக்கு ஒட்டுப் போட வைத்திருப்பதாக அண்ணி ஏற்கெனவே சொல்லியிருந்ததால் டீச்சர் மறுபடி கேட்கவில்லை.

பள்ளி வாசலில் காவலாளி அவளை நிறுத்தி, கையில் கட்டுப் போட்ட ஒருத்தர் வந்து டீச்சர் இன்னும் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்களா என்று விசாரித்ததாகச் சொன்னார். டீச்சர் திரும்பித் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தாள். ஆனால் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

பெற்றோர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியை எழுந்து, வெகு நாளாகக் குருவியே பறக்காத வீடு என்று அண்ணனை எழுப்பி நிறுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, குடும்பம்னா ஒரு ஒழுங்கு வேணுங்க என்றார். பக்கத்தில் அண்ணி தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்து பிள்ளைகளின் பாட்டு. அதே ஆப்பில் சத்தங்களைப் பிடித்துக் கட்டங்களில் அடுக்கினால் இசை மாதிரி ஓடும். குருவி பறக்காத அமைதியில் உங்கள் வீட்டில் என்னென்ன சின்னச் சத்தம் கேட்கிறது, பிடித்து வாருங்கள் என்று டீச்சர் அனுப்பியிருந்தாள். குழாய் சொட்டுவது வந்தது, கதவு முனகுவது வந்தது, ஒரு பையன் தன் பூனை பால் குடிப்பதைக் கொண்டுவந்தான். வாண்டு கொண்டுவந்தது, தப் என்று ஒரு மொத்தல். கொஞ்சம் விட்டு இன்னொரு தப். என்னது இது என்று கேட்டபோது, அப்பா ஃபோம் தட்டுறார் டீச்சர் என்றாள். இத்தனை கனமான ஓசை வேறு யாரிடமும் இல்லை. டீச்சர் அதையே பாட்டுக்குத் தாளமாக வைத்துவிட்டாள்.

பாட்டு ஓடியது. தப். குழாய் சொட்டியது, கதவு முனகியது. தப். பிள்ளைகள் அந்த இடம் வரும்போதெல்லாம் கை தட்டினார்கள். பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டீச்சர் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே வகுப்பைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். தப் என்றதும் அண்ணியின் இடது தோள் வெட்டி இழுத்தது. முழங்கை விலாவை மூடியது. அடுத்த தப்புக்கு முன்பே அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அது எப்போது விழும் என்று அவள் உடம்புக்கு மனப்பாடமாக இருந்தது.

டீச்சரின் தலை ஆடுவது நின்றுபோயிற்று.

அவள் அண்ணனைத் தேடினாள். அண்ணன் கை தட்டவில்லை. பாட்டையும் கேட்கவில்லை. வாண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் வாண்டுவைக் கரும்பலகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். அப்பா எதன் மேல் ஃபோமை வைத்துத் தட்டுகிறார் என்று கேட்டாள்.

"அம்மா மேல," என்றாள் வாண்டு. "கத்துனா குருவி பறந்துடும்னு அம்மா துணியைக் கடிச்சுக்குவாங்க. நீங்க கேட்டா கண்டுபிடிச்சுடுவீங்கன்னுதான் கொண்டாந்தேன் அத்தை. நீங்க அதைத் தாளமா போட்டுட்டீங்க."

பள்ளிக்குள் அவள் அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டீச்சர் சுவரில் சாய்ந்து அழுதாள். காலைதோறும் யார் குருவி பறந்தது என்று சிரித்தபடி கேட்டது தான்தானே. இந்தக் குழந்தை எழுந்து நிற்கக் கூடாது என்பதற்காக ஒருத்தி துணியைக் கடித்துக்கொண்டு அடி வாங்கியிருக்கிறாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான் அண்ணன் வாண்டுவைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. இன்றைக்கு அந்த ஃபோம் யார் மேல் விழும் என்று யோசித்ததும் அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். அண்ணனும் அண்ணியும் வண்டியில் முன்னாலேயே போயிருந்தார்கள். அண்ணியைத் தனியாக அவரிடம் விட்டுவிட முடியாது. ஒரு தெரு தள்ளி எங்காவது வாண்டுவை விடலாம் என்றால், அவள் அத்தையின் புடவையை விடவே இல்லை.

இந்த இடத்திலிருந்து அண்ணனை அவர் இவர் என்று எழுத எனக்கு மனசில்லை.

பட்டறையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனதும் டீச்சர் முதலில் பார்த்தது, உள் வாசலுக்கு மேலே பலகையில் நிறுத்தி வைத்திருந்த போனை. ஆப் திறந்திருந்தது. மஞ்சள் குருவி கம்பியில் இருந்தது. அதற்குக் கீழே, மூன்று பேர் உட்காரும் சோபாவின், இன்னும் துணி போர்த்தாத வெறும் சட்டத்தில் அண்ணி குப்புறக் கிடந்தாள். முதுகில் அந்த ஃபோம் துண்டு. அண்ணன் சுத்தியலை ஓங்கி இறக்கினான். தப். அண்ணியின் கால்கள் துள்ளி அடங்கின. வாயில் மெத்தைத் துணியைத் திணித்திருந்தாள். யாரும் திணிக்கவில்லை, அவளே திணித்துக்கொண்டது.

டீச்சர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை உதறினான். அவள் ரெக்ஸின் சுருள்கள் மேல் போய் விழுந்தாள். விழுந்த வேகத்தில் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"மெதுவா," என்றான் அண்ணன். கிசுகிசுப்பாகத்தான் பேசினான். "குருவி பறந்துடப் போவுது."

நீயா இப்படி, என்னைக் காப்பாற்றிய நீயா என்று டீச்சர் கேட்டாள். தானும் கிசுகிசுத்ததை அவள் கவனிக்கவில்லை.

"சத்தம் வந்துச்சா? தெருவுல எவனாவது எட்டிப் பார்த்தானா? உன் புருஷன் மாதிரி மானத்தை வாங்கினேனா?" அவன் சுத்தியலால் போனைக் காட்டினான். "பாரு, அப்படியே உக்காந்திருக்கு. இப்படி இருக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே நீதான் டீச்சர்."

பிறகு வாண்டுவைக் கூப்பிட்டான். வீட்டு விஷயத்தை ஊருக்குப் பாட்டாகப் போட்டுக் காட்டிய கை எது என்று கேட்டான். குழந்தை வலது கையை நீட்டினாள். அவளை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறான். சட்டத்தின் மேல் கையை வை என்றான். ஃபோமை அண்ணியின் முதுகிலிருந்து எடுத்து, குழந்தையின் விரல்கள் மேல் ஒழுங்காக வைத்தான்.

டீச்சர் எழுந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. வாண்டுவை இழுத்துத் தள்ளினாள். இறங்கிய சுத்தியல் அவள் மணிக்கட்டில் விழுந்தது. ஃபோம் இல்லாத இடம். எலும்பு முறிவது அவள் காதுக்கே கேட்டது. வலி தோள் வரை ஏறிக் கண் இருட்டியது. அப்போதும் அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து குருவியைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில்தான் அண்ணி இத்தனை நாள் எப்படி வாய் மூடிக் கிடந்தாள் என்பது அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் ஆத்திரம் பொங்கியது. ஊரைக் கூட்டிக் கத்த வாயைத் திறந்தாள்.

ஃபோம் வந்து அவள் முகத்தை அடைத்தது. அண்ணன் அவளைச் சட்டத்தோடு சேர்த்துச் சாய்த்து, இடது கையால் ஃபோமை அழுத்தினான். ஃபோமைத் தாண்டி வந்த கட்டைவிரல், அவள் காதோரம் மரத்தில் ஊன்றியிருந்தது. மூச்சு இல்லை. அவள் காலால் உதைத்தாள், உடையாத கையால் அவன் முகத்தைக் கீறினாள். நகத்தில் தோல் வந்தது. அவன் விடவில்லை. உன்னை உன் புருஷன்கிட்ட நானே கொண்டுபோய் விடறேன், அவன் உன்னைக் கொன்னு போடட்டும் என்று மெல்லப் பேசிக்கொண்டே இருந்தான். டீச்சரின் காதுக்குள் கொதிக்கிற சத்தம் கேட்டது. காலில் பலம் போயிற்று.

பின் துப்பாக்கியின் குழாய் தரையில் இழுபடுவது அவளுக்குக் கேட்டது. கம்ப்ரஸரை நிறுத்தினாலும் தொட்டியில் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். அது அண்ணிக்குத் தெரியும்.

டக்.

முதல் பின், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைத் துளைத்து மரத்தில் இறங்கியது. டக், டக், டக். அண்ணி ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நூல் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டே போனாள். அண்ணன் கையை இழுத்தான். சதை கிழிந்ததே தவிர கை வரவில்லை. சுத்தியலை அண்ணி தலைக்கு ஓங்கினான். டீச்சர் ஃபோமைத் தள்ளிவிட்டு, அந்த வலது கையில் பல் பதியக் கடித்தாள். சுத்தியல் கீழே விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவனும் முதலில் கத்தவில்லை. மூஞ்சி நீலம் பாரித்து, கழுத்து நரம்பு புடைத்து, மேலே குருவியைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். அண்ணி வாயிலிருந்த துணியைத் துப்பினாள். அவன் வாயில் திணிப்பாளோ என்று டீச்சர் நினைத்தாள். அண்ணி அப்படிச் செய்யவில்லை. துப்பாக்கியை அவன் மணிக்கட்டு எலும்பின் மேல் வைத்து அமுக்கினாள்.

அண்ணன் அலறினான். பட்டறைத் தகரக் கூரை அதிர, தெருநாய்கள் குரைக்க, குடல் வெளியே வருகிற மாதிரி அலறினான்.

மஞ்சள் குருவி விருட்டென்று பறந்தது.

"அத்தை," என்றாள் மூலையில் ஒடுங்கியிருந்த வாண்டு. "என் குருவி போயிடுச்சு." அவள் முகத்தில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. டீச்சருக்கு அது சந்தோஷம் மாதிரிதான் பட்டது.

அண்ணி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அவள் மூச்சுக்குள் ஏதோ கரகரத்தது. இருமியபோது முந்தானையில் ரத்தம் தெரிந்தது. உடனே ஆள் வர வேண்டும், வண்டி வர வேண்டும். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு டீச்சர் எதை முதலில் செய்வாள்? அண்ணன் சட்டத்தோடு மாட்டிக்கொண்டு, முதலில் பின்னைப் பிடுங்கு, நான் உன் அண்ணன்டி என்று கெஞ்சினான்.

அப்போது யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அது புருஷனின் தட்டு என்று டீச்சருக்குத் தெரிந்தது. குடித்தனம் நடத்திய வருஷங்களில் இந்தத் தட்டுக்கு அவள் எத்தனை தடவை ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். பாதி ஷட்டருக்குக் கீழே இரண்டு செருப்புக் கால்கள் அசையாமல் நின்றன.

"அவன் உள்ள வந்தா என்ன ஆகும் தெரியுமில்ல?" என்றான் அண்ணன். "என்னை விட்டா உனக்கு யாருடி இருக்கா?"

பலகையிலிருந்த போன் அடித்தது. டீச்சர் ஸ்டூலில் ஏறி, நல்ல கையால் அதை எடுத்தாள். பூனைச் சத்தம் கொண்டுவந்த பையனின் அம்மா. ரொம்பத் தயங்கிப் பேசினார். பறக்காத குருவி பறந்துவிட்டதென்று பையன் ஒரே அழுகையாம், வழக்கம்போலச் சிரிப்பாக ஏதாவது காரணம் இருக்கும், இருந்தாலும் கேட்கலாம் என்றுதான் கூப்பிட்டாராம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்து திரையில் மின்னியது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

டீச்சர் கிசுகிசுக்கவில்லை. ஷட்டருக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள்.

"ஆமாங்க, எங்க வீட்டுலதான் சத்தம். அண்ணியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு இப்பவே வாங்க. வாசல்ல கையில கட்டோட ஒருத்தர் நிப்பார், அவரை விட்டுடாதீங்க."

ஷட்டருக்குக் கீழே அந்தச் செருப்புகளில் ஒன்று மட்டும் உள்ளே நகர்ந்தது.